கேழ்வரகோடு துவரை: மண்ணுக்குள் வேர்ப்பூஞ்சை எதை, யாருக்குக் கொண்டுபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, கொல்லிமலை, எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் தென்பகுதி என எல்லா இடத்திலும் கேழ்வரகுக்கு நடுவே துவரையைப் பார்க்கலாம். இந்த ஜோடியை ஆய்வாளர்களும் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஊடுபயிருக்கும் மண்ணில் வாழும் வேர்ப்பூஞ்சைக்கும் உள்ள உறவைப் பற்றி விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, இந்த ஜோடியை வைத்தே இங்கே பதில் சொல்கிறோம். வேறு பயிர்கள் தேவையான இடத்தில் மட்டும் வரும்.

வேம் என்று கடையில் விற்கிறார்களே, அதுதான் வேர்ப்பூஞ்சையா?

ஆம். வேர் உட்பூசணம், வேர்ப்பூஞ்சை, வேம், மைக்கோரைசா என்று பல பெயரில் அழைக்கப்படுவது இதுதான். இது வேரின் உள்ளே நுழைந்து, வேர்ச்செல்லுக்குள் சின்ன மரம்போலக் கிளைத்து, அங்கேதான் பண்டமாற்று செய்கிறது. செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. பூஞ்சை மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம், ஓரளவு தழைச்சத்து (நைட்ரஜன்) ஆகியவற்றைத் தருகிறது. கொழுப்பைத் தானாகச் செய்துகொள்ள இந்தப் பூஞ்சையால் முடியாது என்பது 2017இல் உறுதியானது. உயிருள்ள வேர் இல்லாமல் இது வாழாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் நடைமுறைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

நிலத் தாவரங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் பூஞ்சையோடு சேர்ந்து வாழ்பவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இதே கிளைத்த அமைப்பு இருக்கிறது.

ஒரே பூஞ்சை கேழ்வரகையும் துவரையையும் இணைக்குமா? புல் இனம் ஒன்று, பயறு இனம் ஒன்று ஆயிற்றே?

இணைக்கும். பயறு வேர் முடிச்சில் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாவில் எந்தப் பயறுக்கு எந்த வகை என்று பார்த்துத்தான் போட வேண்டும். வேர்ப்பூஞ்சைக்கு அவ்வளவு கறார் கிடையாது. ஒரே இனம் கேழ்வரகு, துவரை, வெங்காயம், மிளகாய் எல்லாவற்றிலும் ஏறும். ஒரு வேரிலிருந்து கிளம்பிய இழை பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டால் அதிலும் நுழைகிறது. ஒரே பூஞ்சையிலிருந்து வந்த இரண்டு இழைகள் சந்தித்தால் அவை இணைந்து ஒன்றாகவும் ஆகின்றன. இப்படித்தான் இரண்டு பயிருக்கும் பொதுவான ஓர் இழை வலை உருவாகிறது.

இழையின் குறுக்களவு 2 முதல் 10 மைக்ரான். வேரால் புக முடியாத மண் துவாரங்களில் இது புகும். வளமான மண்ணில் ஒரு கிராமுக்குள்ளேயே சில மீட்டர் நீளத்துக்கு இழை இருக்கும்.

அப்படியானால் துவரை தன் தழைச்சத்தை இந்த வலை வழியாகக் கேழ்வரகுக்குக் கொடுக்கிறதா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தவறான பதில் மிக அதிகமாகப் பரவியிருப்பதும் இதற்குத்தான். "துவரை காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறது, பூஞ்சை அதைக் குழாய்போலக் கேழ்வரகுக்கு ஊற்றுகிறது" என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். நடப்பது அப்படி இல்லை.

துவரை வேர் முடிச்சில் பிடிக்கும் தழைச்சத்தைத் துவரையே முதலில் பயன்படுத்துகிறது. வெளியே வருவது மூன்று வழிகளில். ஒன்று, உயிருள்ள வேரிலிருந்து கசியும் அமினோ அமிலங்களும் அம்மோனியமும். இரண்டு, உதிர்ந்து மக்கும் முடிச்சுகளும் நுண்வேர்களும். மூன்று, கொட்டும் இலை. மண்ணுக்கு வந்துவிட்ட இந்தச் சத்தைப் பூஞ்சை இழை விரைவாக உறிஞ்சிக் கேழ்வரகு வேரில் சேர்க்க உதவுகிறது. துவரை வேருக்குள் இருக்கும் தழைச்சத்தை நேராக இழுத்து அடுத்த செடிக்குள் விடுவது மிகச் சிறிய பங்குதான்.

துவரையில் இலை பெருமளவு கொட்டுவது பயிர் முதிரும்போது. கேழ்வரகு 100 முதல் 110 நாளில் அறுவடையாகிவிடும். நீண்டகாலத் துவரை 160 நாளுக்கு மேல் நிற்கும். ஆகவே துவரை தரும் தழைச்சத்தின் பெரும்பங்கு அந்தப் பருவத்துக் கேழ்வரகுக்குக் கிடைப்பதில்லை, அடுத்து வரும் பயிருக்குத்தான் போகிறது. ஊடுபயிர் போட்டிருக்கிறோம், பூஞ்சையும் இட்டிருக்கிறோம் என்று கேழ்வரகுக்கு மேலுரத்தை அடியோடு நிறுத்தினால் பயிர் மஞ்சளாகும். பூஞ்சை ஏமாற்றிவிட்டது என்று அதற்குப் பிறகு சொல்வது நியாயமில்லை.

இன்னொரு ஆதாயம் உண்டு, அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. துவரை தன் தேவையில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணில் உள்ள தழைச்சத்துக்கு அது கேழ்வரகோடு அவ்வளவாகப் போட்டியிடுவதில்லை. இதைக் கொடுத்தல் என்று சொல்ல முடியாது. ஆனால் விளைச்சலில் தெரியும் ஆதாயம் பெரும்பாலும் இதுதான்.

மணிச்சத்தில்?

பூஞ்சையின் உண்மையான பலம் இங்கேதான். மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாக நகரும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் உறிஞ்சியதும் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தூரம் இழை போய் எடுத்து வருகிறது.

துவரைக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. செம்மண்ணில் மணிச்சத்தின் ஒரு பகுதி இரும்போடு பிணைந்து கிடக்கும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. துவரை வேர் பிஸிடிக் அமிலம் என்ற பொருளைச் சுரந்து இரும்பைப் பற்றிக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது என்று அது காட்டியது. சோளம் போன்ற தானியங்களுக்கு இந்தத் திறன் இல்லை. துவரை வேர் விடுவித்தது முழுவதையும் துவரையே எடுத்துவிடாது. வேர்ப்பகுதியில் மிஞ்சுவது பொது வலையின் இழைக்கு எட்டும், அங்கிருந்து கேழ்வரகுக்கும் வரலாம். கொல்லிமலை, தருமபுரிச் செம்மண்ணுக்குத் துவரையைவிடப் பொருத்தமான துணைப்பயிர் தேடுவது கடினம் என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

யாருக்கு எவ்வளவு என்பதை எது முடிவு செய்கிறது? சமமாகப் பங்கிடுமா?

பங்கு சமமாக இருப்பதில்லை. பூஞ்சைக்கும் செடிக்கும் இடையே நடப்பது வியாபாரம். அதிகக் கரிமம் (சர்க்கரை, கொழுப்பு வடிவில்) தரும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்தைத் தருகிறது. அதிக மணிச்சத்து தரும் இழைக்குச் செடி அதிகக் கரிமத்தைத் தருகிறது. கியர்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011இல் சோதனைச்சாலையில் இதைக் காட்டினார்கள்.

ஆனால் இரண்டு வெவ்வேறு பயிர்கள் ஒரே வலையில் இருந்தால் இந்தக் கணக்கு நேராக வருவதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் வால்டர் குழுவினர் சோளத்தையும் ஆளியையும் ஒரே வலையில் வளர்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு இது: வலைக்குக் கரிமத்தைப் பெருமளவு கொடுத்தது சோளம். வலை கொண்டுவந்த தழை, மணிச்சத்தில் 94 விழுக்காடு வரை எடுத்துக்கொண்டது ஆளி. அதனால் ஆளி நன்றாக வளர்ந்தது, சோளத்துக்கோ குறிப்பிடத்தக்க நட்டம் இல்லை. பயன்படுத்திய பூஞ்சை இனத்தைப் பொறுத்தும் பங்கு மாறியது.

சோளத்தைப் போலவே கேழ்வரகும் வெயிலை நன்றாகப் பயன்படுத்திக் கரிமத்தை மிகுதியாகச் சேர்க்கும் பயிர். ஆகவே வலைக்குத் தீனி போடுவதில் கேழ்வரகின் பங்கு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதே அளவு திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நிழலில் மாட்டிய கேழ்வரகு வலைக்குக் கொடுப்பது குறையும், வலையிலிருந்து பெறுவதும் குறையலாம்.

காட்டில் மரங்கள் பூஞ்சை வழியாக ஒன்றுக்கொன்று உணவு கொடுக்கின்றன என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அது வேறு வகைப் பூஞ்சை, வேரின் வெளியே உறைபோல மூடுவது. கனடாவில் சிமார்ட் குழுவினர் 1997இல் வெளியிட்ட மரங்களுக்கிடையேயான கரிமப் பரிமாற்ற ஆய்விலிருந்து அந்தப் பேச்சு வளர்ந்தது. இருக்கும் சான்றுக்கு மேல் சொல்லப்படுகிறது என்று 2023இல் காரஸ்ட், ஜோன்ஸ், ஹூக்ஸெமா ஆகிய மூவரும் விரிவாக எழுதினார்கள். வயல் முடிவுகளை எடுக்க அந்தக் கதை உதவாது.

தண்ணீரும் பூஞ்சை வழியாக வருமா?

வறட்சிக் காலத்தில் வரும். இதற்குக் கேழ்வரகு–துவரை ஜோடியிலேயே நேரடிச் சான்று இருக்கிறது.

துவரையின் ஆணிவேர் ஆழமான ஈரத்தை எட்டுகிறது. பகலில் இலை நீரை இழுக்கும். இரவில் இலைத்துளைகள் மூடிய பிறகு, வேருக்குள் ஏறிய நீரில் கொஞ்சம், காய்ந்த மேல்மண்ணில் உள்ள பக்கவேர்கள் வழியே வெளியே கசியும். கேழ்வரகின் வேர்த்தொகுதி இருப்பது அந்த மேல்மண்ணில்தான். பாசல் பல்கலைக்கழகத்தின் சிங், மதிமாறன் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட தொட்டிச் சோதனை, வறட்சியில் இந்த நீர் கேழ்வரகைச் சென்று சேர்வதற்குப் பொதுப் பூஞ்சை வலை துணைசெய்கிறது என்று காட்டியது.

அதே குழு 2020இல் வெளியிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வறட்சியில் கேழ்வரகு பிழைத்துக்கிடக்கத் துவரை உதவியது. ஆனால் ஈரம் போதுமான அளவு இருந்தபோது, துவரை கேழ்வரகோடு கடுமையாகப் போட்டியிட்டது. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் கேழ்வரகு விளைச்சல் தனிப்பயிரைவிடக் குறையலாம். இந்த ஏற்பாட்டை வறட்சிக்கான காப்பாக எண்ணுங்கள். கைவிட்ட மழையில் முழு விளைச்சலையும் தருவதாக எண்ணக் கூடாது. இன்னொரு நிபந்தனை: ஆழத்தில் ஈரம் இருக்க வேண்டும். ஒன்றரை அடியில் பாறை தட்டும் மேட்டு நிலத்தில் துவரைக்கே தண்ணீர் கிடைக்காது, அடுத்த பயிருக்கு அது எதைக் கொடுக்கும்?

எந்தப் பயிர்கள் இந்த வலையில் சேரவே சேராது?

கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவை ஒரு குடும்பம். தண்டுக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட், பாலக் இன்னொரு பக்கம். இவற்றின் வேரில் பூஞ்சை சரியாக ஏறாது. கேழ்வரகு வயலில் கடுகைத் தூவும் பழக்கம் உண்டு. ஓரத்தில் கொஞ்சம் இருப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அந்தச் செடிகள் வலைக்கு ஒன்றும் தருவதில்லை. முழுப் பருவமும் முட்டைக்கோஸ் நின்ற நிலத்தில் அடுத்த பயிருக்குப் பூஞ்சை குறைவாகவே இருக்கும். நீர் தேங்கிய நெல் வயலிலும் அப்படித்தான்.

பூஞ்சையை மிக அதிகமாக நம்பி வாழும் பயிர்களும் உண்டு. மரவள்ளியும் வெங்காயமும் அவற்றில் முக்கியமானவை. வெங்காய வேரில் வேர்த்தூவி மிகக் குறைவு, மரவள்ளி வேர் தடித்தது, எண்ணிக்கையிலும் குறைவு. நாமக்கல், சேலம் பக்கம் மரவள்ளிக்கு நடுவே சின்ன வெங்காயம் போடுகிறார்களே, அந்த ஜோடியில் இரண்டுமே பூஞ்சைப் பயிர்கள்.

நம் மண்ணில் ஏற்கெனவே பூஞ்சை இருக்கும்தானே? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பெரும்பாலான மானாவாரி நிலத்தில் இருக்கும். வாங்கிப் போடுவது பலன் தரும் இடங்கள் சில: நீண்ட நாள் தரிசாகக் கிடந்த நிலம், மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட நிலம், தொடர்ந்து நெல் அல்லது கோஸ் வகை போட்ட நிலம், நாற்றங்கால், பாலித்தீன் பை நாற்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப் பிறகு விதைத்த பயிர்கள் மணிச்சத்தும் துத்தநாகமும் குறைந்து குன்றிப்போவதை 1980களில் ஆராய்ந்தார்கள். தரிசுக் காலத்தில் வேரில்லாமல் பூஞ்சை அழிந்ததே அதற்குக் காரணம் என்று தெரிந்தது.

ஆண்டுதோறும் சிறுதானியமும் பயறும் மாறிமாறி நிற்கும் வயலில் பூஞ்சைப் பை வாங்குவதைவிட, இருப்பதைக் கெடுக்காமல் பார்ப்பதே மேல். கோடையில் சில வாரமாவது வேர் உள்ள ஏதோ ஒரு செடி (கொள்ளு போதும்) நிற்கட்டும். அடிக்கடி ரோட்டவேட்டர் ஓட்டுவதை விடுங்கள், அது இழை வலையை நறுக்கித் தள்ளிவிடும்.

எவ்வளவு, எங்கே, எப்போது இட வேண்டும்?

விதைக்கும்போதே, விதைக்குக் கீழே. புதிதாக முளைக்கும் வேர் பூஞ்சையைக் கடந்துபோக வேண்டும். மேலே தூவிய வேம் வெயிலில் காய்ந்து வீணாகும்.

கேழ்வரகு நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணுக்குள் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில். ஓர் ஏக்கர் நடவுக்கு 5 சென்ட் நாற்றங்கால், 2 கிலோ விதை. 5 சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர், ஆகவே 20 கிலோ வேம். அந்த ஆழத்துக்குக் கோடு கீறி, அடியில் வேமைச் சீராக இட்டு, மெல்லிய மண் மூடி, அதன்மேல் விதையுங்கள். 17 முதல் 20 நாளில் பிடுங்கும்போது வேரில் பூஞ்சை ஏறியிருக்கும். அந்த நாற்றே நடவு வயலுக்குப் பூஞ்சையைச் சுமந்து போகும். ஏக்கர் முழுக்கத் தூவுவதைவிட நாற்றங்காலில் இடுவது மலிவானது என்பதற்கு இதுதான் காரணம்.

துவரையைப் பையில் வளர்த்து நடுவதாக இருந்தால் பைக்கு 5 முதல் 10 கிராம். மொத்தமாகக் கலப்பதானால் 1,000 கிலோ மண்கலவைக்கு 10 கிலோ. 6×4 அங்குலப் பை போதும், அடியில் துளைகள் வேண்டும். 35 முதல் 40 நாளுக்குள் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் ஆழத்துக்கு இறங்காது, அதோடு மேலே சொன்ன தண்ணீர் உதவியும் போய்விடும்.

பை இல்லாமல் நேரடியாக நடும் நாற்றுகளுக்குக் குழிக்கு 20 கிராம். வளர்ந்த மரங்களுக்கு 200 கிராம், வேர் தெரியும் ஆழத்தில், உரமிடும் சமயத்தில்.

துவரை விதையில் ரைசோபியத்தை வழக்கம்போல நேர்த்தி செய்யுங்கள், வேமோடு அதற்குச் சண்டை இல்லை. முடிச்சுக்கு மணிச்சத்து மிகுதியாகத் தேவை, அதைப் பூஞ்சை கொண்டுவருவதால் இரண்டும் சேர்ந்தால் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

வரிசை எப்படி அமைப்பது? 8:2 போதுமா?

எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை துவரை என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. களை எடுக்க, அறுக்க வசதி. ஆனால் 30 செ.மீ. வரிசை இடைவெளியில் நடுவில் உள்ள கேழ்வரகு வரிசை துவரையிலிருந்து 120 செ.மீ. தள்ளி நிற்கும். இழை தானாகப் போவது சில சென்டிமீட்டர்தான், மீதித் தூரத்தைத் துவரையின் பக்கவேர்தான் கடக்க வேண்டும். நடு வரிசைகளுக்குத் துவரையால் கிடைப்பது சொற்பம்.

4:1 வைத்தால் எந்தக் கேழ்வரகு வரிசையும் துவரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்காது. துவரை வரிசைகளுக்கு இடையே 150 செ.மீ., செடிக்குச் செடி 90 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,000 துவரை நாற்று. பைக்கு 5 கிராம் வீதம் 15 கிலோ வேம். வேர் நெருக்கத்துக்கு இது நல்லது. நிழலும் போட்டியும் கூடும் என்பது இதன் மறுபக்கம். எங்கள் பரிந்துரை: மழை அடிக்கடி ஏமாற்றும் இடத்தில் 4:1, மழையோ பாசனமோ உறுதியான இடத்தில் 8:2. வரிசையைக் கிழக்கு மேற்காக ஓட்டினால் நிழல் குறையும்.

பெங்களூரிலும் கொல்லிமலையிலும் நட்ட துவரையோடு கேழ்வரகை வைத்து, பூஞ்சையும் வேர்வளர்ச்சிப் பாக்டீரியாவும் சேர்த்து நடத்திய வயல் சோதனைகள் 2020இல் வெளியாயின. உரத்தைக் குறைத்தும் விளைச்சல் கூடும் என்று அவை காட்டின. கூடிய அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை. மண்ணும் மழையும் மாறினால் பலனும் மாறும். உங்கள் வயலுக்கான எண்ணை உங்கள் வயல்தான் சொல்லும்.

மணிச்சத்து உரத்தை எவ்வளவு குறைக்கலாம்?

முதலில் மண் பரிசோதனை. செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் மணிச்சத்து குறைவு, 11 முதல் 22 நடுத்தரம், 22க்கு மேல் மிகுதி. மிகுதியாக உள்ள மண்ணில் செடி பூஞ்சையை வேருக்குள் அதிகம் அனுமதிக்காது. சத்து கையருகே கிடைக்கும்போது அதற்காகச் சர்க்கரையைச் செலவிட வேண்டிய தேவை செடிக்கு இல்லை. அங்கே வேம் போடுவது வீண்செலவு.

குறைவு, நடுத்தர மண்ணில் முதல் ஆண்டு பரிந்துரையில் கால் பங்கை மட்டும் குறையுங்கள். மானாவாரிக் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல்சத்து 40:20:20 கிலோ என்றால், மணிச்சத்து 20 கிலோவுக்குப் பதில் 15. தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் குறைக்க வேண்டாம். மணிச்சத்தை ஒரேயடியாகப் பூஜ்யமாக்குவதும் தவறு. பூஞ்சை மண்ணில் இருப்பதைத் தேடி எடுக்கும், இல்லாததை உண்டாக்காது.

டிஏபியையும் வேமையும் ஒரே சாலில் சேர்த்து இடாதீர்கள். உரம் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். கோழி எருவில் மணிச்சத்து மிகுதி, அதைக் கூடை கூடையாகக் கொட்டிய நிலத்தில் பூஞ்சை ஏறவில்லை என்று வியக்க வேண்டியதில்லை. தொழு உரம் நல்லது.

விதைநேர்த்தி மருந்து பூஞ்சையைக் கொல்லுமா?

கார்பன்டாசிம் வகை மருந்துகள் வேர்ப்பூஞ்சையை நேரடியாக ஒடுக்கும். ஆய்வாளர்கள் பூஞ்சை இல்லாத ஒப்பீட்டு நிலம் வேண்டுமென்றால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பெனோமிலைத்தான் ஊற்றுவார்கள். ஆகவே வேம் இடும் நாற்றங்காலில் கார்பன்டாசிமை மண்ணில் ஊற்ற வேண்டாம். வாடல் நோய்க்கு விதையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையால் நேர்த்தி செய்யலாம்.

சொந்தமாக வேம் தயாரிக்க முடியுமா?

முடியும். நல்ல தாய் வித்து (பெருக்குவதற்கு எடுக்கும் தொடக்க வேம்) வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கருப்புப் பாலித்தீன் தாள் விரியுங்கள். 50 கிலோ வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளோடு, அவித்துக் கிருமி நீக்கிய மண் 5 கிலோ கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். மேற்பரப்புக்கு 2 முதல் 5 செ.மீ. கீழே ஒரு கிலோ தாய் வித்தைப் பரப்புங்கள். மக்காச்சோள விதையை 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் முக்கி, நன்றாகக் கழுவி விதையுங்கள். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். 30ஆம் நாளும் 45ஆம் நாளும் யூரியா 10 கிராம். சூப்பர் பாஸ்பேட்டின் அளவைப் பாருங்கள்: வேண்டுமென்றேதான் அவ்வளவு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. "பயிர் மெலிந்திருக்கிறதே" என்று கூட்டினால் வித்து கெட்டுவிடும்.

60ஆம் நாள் செடியின் மேல்பகுதியை வெட்டி நீக்கி, வேரை எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி அதே கலவையில் சேருங்கள். 55 கிலோ கிடைக்கும், 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும். நிழலில் ஆற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஓட்டுக்கொட்டகையில் கோடை வெயிலில் வைத்த பை பயன்படாது.

வேர் நோயுள்ள நிலத்து மண்ணையோ தாய் வித்தையோ எடுத்தால் நூற்புழுவும் வேரழுகலும் சேர்ந்தே பெருகும். சொந்தத் தயாரிப்பில் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

வேரில் ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்ணில் வெள்ளை நூல் தெரிகிறதே, அதுதானா?

அது இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை நூல் பெரும்பாலும் மக்கும் பொருளைத் தின்னும் வேறு பூஞ்சை. வேர்ப்பூஞ்சையைப் பார்க்க நிறமேற்றலும் நுண்ணோக்கியும் தேவை. பள்ளி ஆய்வகம் உள்ள ஊரில் இதைச் செய்துவிடலாம்.

நட்ட 30 முதல் 45 நாளில், வயலில் ஐந்தாறு இடத்தில் 20 செ.மீ. ஆழத்துக்குள் உள்ள நுண்வேரை எடுங்கள். தடித்த வேர் வேண்டாம். கழுவி ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்குங்கள். 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். கேழ்வரகு வேருக்கு 15, 20 நிமிடம் போதும், துவரைக்கு அரைமணி முதல் ஒரு மணி ஆகும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். வேர் வெளுத்ததும் பலமுறை கழுவுங்கள். பிறகு நூறு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு கருப்பு எழுதுமை கலந்து, அதில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். 100 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் நீலமாகவோ கருமையாகவோ இழைகளும், முட்டை வடிவப் பைகளும், செல்லுக்குள் புதர்போலக் கிளைத்த அமைப்பும் தெரியும்.

எழுதுமையின் வகை முக்கியம். சிலவற்றில் வேரே முழுதும் கறுத்துவிடும், இரண்டு மூன்று வகையை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். துவரை வேர் பழுப்பாகவே இருந்தால் வெளுப்பு போதவில்லை என்று பொருள். கட்டம் போட்ட தட்டில் வேரைப் பரப்பி, கோட்டை வேர் வெட்டும் 100 இடங்களைப் பார்த்து, எத்தனை இடத்தில் பூஞ்சை இருக்கிறது என்று எண்ணினால் அதுவே விழுக்காடு.

வேம் போட்ட நாற்று முதல் சில வாரம் மற்றதைவிடச் சிறுத்து நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். செடி தயாரிக்கும் கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குப் போகும். வலை பரவிச் சத்து திரும்ப வரும் வரை, அதிலும் மேகமூட்டமான நாட்களில், இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும். நடவுக்குப் பின் மூன்று நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

சுடுமல்லிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைச் சுரந்து பூஞ்சையை அழைக்கிறது. சோளம், கரும்பு வயலில் வேரைப் பிடித்து உறிஞ்சும் சுடுமல்லியின் விதை அதே பொருளை உணர்ந்துதான் முளைக்கிறது. பூஞ்சை ஏறிய வேர் இந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே சுடுமல்லி உள்ள நிலத்தில் பூஞ்சையைக் காப்பது கூடுதல் லாபம், ஆனால் அது மட்டுமே மருந்தாகிவிடாது.

பலன் இருக்கிறதா என்று என் வயலிலேயே சோதிப்பது எப்படி?

வயலை நீளவாக்கில் ஆறு பட்டையாகப் பிரியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றில் வேம் நாற்று, மற்றவற்றில் சாதா நாற்று. துவரை எல்லாவற்றிலும் ஒன்றுபோல. ஒரே ஒரு பட்டையை ஒரே ஒரு பட்டையோடு ஒப்பிட்டால் மண்ணின் வேறுபாட்டைப் பூஞ்சையின் வேலை என்று எண்ணிவிடுவீர்கள். ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அளந்து அறுத்து எடை போடுங்கள். துவரையையும் சேர்த்து எடை போடுங்கள். கேழ்வரகில் கால் மூட்டை குறைந்து துவரையில் அதைவிட மதிப்பாகக் கூடியிருந்தால், அது நட்டக் கணக்கில் வராது.

கேழ்வரகை அறுத்த பிறகு என்ன செய்வது?

தாளை அடியோடு பிடுங்காமல் தரையொட்டி அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். துவரை இன்னும் இரண்டு மாதம் நிற்கும், பூஞ்சைக்கு அதன் வேர்தான் இருப்பிடம். கேழ்வரகு வரிசைகளில் உழவு ஓட்டாமல், பனியீரத்தில் கொள்ளு விதைத்துவிட்டால் வலை அறுபடாது. துவரை அறுத்ததும் உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் அங்கேயே விடுங்கள். கேழ்வரகுக்குப் போகும் என்று பலரும் எதிர்பார்க்கும் தழைச்சத்து அந்தச் சருகில்தான் இருக்கிறது, அடுத்த ஆடிக்கு விதைக்கும் பயிருக்கு அது போய்ச் சேரும்.